சுற்றாத குமிழ்

அம்மாவை எந்தக் கேமராவில் படம் எடுப்பது என்று எனக்கும் அவளுக்கும் நான்கு நாள் சண்டை நடந்தது. நீங்கள் இருவரும் அறியாத சண்டை அது. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் திங்கட்கிழமை மட்டும்தான். அப்பா கைதவறி எதையோ அமுக்கிவிட்டார், அம்மாவின் படம் எல்லார் போனுக்கும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தின நாள் நடந்தது ஒன்று இருக்கிறது. பிறகு நடந்ததும் இருக்கிறது. வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதிப் பழக்கமும் இல்லை. பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுதுகிறேன் என்று பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மகளே, முதலில் உனக்கு. அம்மாவுக்கு மார்பில் சின்னக் கட்டி, மாத்திரையில் கரைக்கிறார்கள் என்று கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிற உன்னிடம் சொன்னோமே, அது பொய். சொல்லச் சொன்னவள் அம்மா. சொன்னவன் நான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு தலையணையெல்லாம் முடி. மிச்சத்தை உன் தம்பியின் டிரிம்மரால் நானே எடுத்துவிட்டேன். அவன் அதற்கு முந்தின இரவே அதைச் சார்ஜில் போட்டு, எண்ணெய் விட்டு, மேஜைமேல் வைத்துவிட்டு, காலையில் பள்ளிக்குப் போய்விட்டான். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அம்மா தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்காருவாள். "இப்பத்தான் தலைக்குக் குளிச்சேன்" என்பாள். வாரத்தில் நான்கு நாள் தலைக்குக் குளிக்கிற அம்மாவைப் பார்த்து உனக்குச் சந்தேகம் வரவில்லை. அதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

விருதுநகரில் மாமாவுக்கும் சொல்லவில்லை, அத்தைக்கும் சொல்லவில்லை. நம் அடுக்ககத்தில் யாருக்கும் சொல்லவில்லை. "சொன்னா ஹார்லிக்ஸ் பாட்டில தூக்கிட்டு வந்து முன்னால உக்காந்து அழுவாங்க. நான்தான் அவுங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்து, அழாதீங்கன்னு சமாதானம் பண்ணணும்" என்றாள். பிளவுஸ் தைக்கக் கொண்டுவருகிற பெண்களிடம், தூசி ஒத்துக்கொள்ளவில்லை, தைப்பதை நிறுத்தியிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒரு புதன்கிழமை டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். இன்னும் இரண்டு முறை மருந்து, அதன்பிறகு ஆபரேஷன். சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. வில்லிவாக்கம் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"என்னங்க, என்னைய ஒரு படம் எடுங்க. இப்படியே. துண்டு இல்லாம."

நான் உடனே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன்.

"இதுல இல்ல. பரண் மேல வெச்சிருக்கீங்கல்ல, ரோல் போடுற கேமரா. அதுல."

"எதுக்கு? போன்ல நூறு எடுக்கலாம். அதுல நல்லதா ஒண்ண வெச்சுக்கலாம்."

"நூறு எடுத்தா தொண்ணூத்தொம்பதுல நான் செத்தவ மாதிரி இருப்பேன். அதையும் வெச்சுக்குவீங்க."

அம்பத்தூர் வரைக்கும் நான் சொல்லிப் பார்த்தேன். ரோல் கிடைக்காது. கிடைத்தாலும் கழுவ ஆள் கிடையாது. கேமரா பத்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். அப்புறம் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்பது இதை வைத்துத்தான் உங்களுக்குத் தெரியும்.

"போன்ல எடுத்தா உடனே நீங்க பாப்பீங்க. நானும் கையை நீட்டி, காட்டுங்கம்பேன். பாத்ததும் அழிச்சிருங்கம்பேன். எனக்கு என்னப் பத்தித் தெரியும். ரோலுன்னா கழுவி வர வரைக்கும் யாரும் பாக்க முடியாது. அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிரும். பொழச்சு வந்தா நானே பாத்துச் சிரிச்சிக்கிறேன். இல்லைன்னா புள்ளைங்க ரெண்டும் பாக்கட்டும். வேற ஒருத்தரும் பாக்கக் கூடாது."

எனக்கு அவள் 'இல்லைன்னா' என்று சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. கோபம் வந்துவிட்டது. ரயிலில் நான்கு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். சண்டை அங்கே ஆரம்பித்து சனிக்கிழமை வரை ஓடியது. நான் தோற்றேன்.

நம் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாளே, ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறவள், கழுத்தில் கேமராவோடு ஏரிக்கரையில் நடப்பாள். அவளிடம் போய்க் கேட்டேன். ரோல் போட்டுத்தான் எடுக்கிறாள் என்று நீதான் ஒருமுறை சொல்லியிருந்தாய்.

"வாவ் அங்கிள், ஃபிலிமா? டிஜிட்டல்ல அந்த ஃபீல் வராது அங்கிள். ஃபிலிம்ல ஒரு சோல் இருக்கும்" என்றாள்.

"எனக்கு ஃபீல் வேணாம்மா. படம் விழணும். அதுதான்."

அவள் சிரித்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து, முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு ரோலை எடுத்துக் கொடுத்தாள். நகரத்தில் ரோல் கழுவுகிற இடத்தின் விலாசத்தையும் எழுதித் தந்தாள். "கேமரா ரொம்ப நாளா யூஸ் பண்ணலைன்னா மொதல்ல ஒரு ரோல் டெஸ்ட் பண்ணிப் பாருங்க அங்கிள்" என்றும் சொன்னாள். சரி என்றேன். செய்யவில்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு ரோல்தான். அதோடு அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அடுத்த மருந்து ஏற்றினால் புருவமும் போய்விடும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறு காலை ஆறரை மணி. மொட்டைமாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். பின்னால் பருத்திப்பட்டு ஏரி தெரிந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. ஏழு மணிக்கெல்லாம் துணி காயப்போட யாராவது வந்துவிடுவார்கள் என்று அம்மா படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம், சீக்கிரம்" என்றாள்.

ரோல் போடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. கேமராவின் பின்மூடியைத் திறந்து இடது பக்கம் ரோலை வைக்க வேண்டும். ரோலிலிருந்து நாக்கு மாதிரி ஒரு துண்டு வெளியே நீண்டிருக்கும். அதை இழுத்து வலது பக்க உருளையில் இருக்கும் பிளவில் செருக வேண்டும். மூடிவிட்டு லீவரைத் தள்ளினால் ரோல் இடமிருந்து வலம் போகும். போகிறதா இல்லையா என்பதை மூடிய பிறகு கண்ணால் பார்க்க முடியாது. ஒரே ஒரு அடையாளம்தான் உண்டு. நீங்கள் வலப்பக்கம் லீவரைத் தள்ளும்போது இடப்பக்கம் மேலே இருக்கும் சின்னக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் ரோல் நகர்கிறது. சுற்றாவிட்டால் நாக்கு பிளவிலிருந்து நழுவிவிட்டது. எத்தனை படம் எடுத்தோம் என்று காட்டுகிற எண் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். அதை நம்பக் கூடாது.

இது எனக்குத் தெரியாததல்ல. நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது ரோல் ரோலாக எடுத்தவன் நான். தொழிற்சாலையில் என் வேலையே சோதனை பார்ப்பது. செய்து முடித்த பாகத்தை அளவுக் கருவியில் நுழைத்துப் பார்த்து, இது போகலாம், இது திரும்பப் போகட்டும் என்று சொல்லித்தான் இருபத்தாறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. அம்மா 'சீக்கிரம்' என்றாள். மூடினேன், தள்ளினேன், எடுத்தேன்.

அவள் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் இரண்டு மூன்றில் பள்ளிக்கூட குரூப் போட்டோவில் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தாள். நான் "மொட்டையில திருப்பதி லட்டு வாசன வருது" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாய மூடிட்டு எடுங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அந்த நேரம் ஏரிக் காற்று அடித்தது. வெறும் தலையில் காற்று படுவது அவளுக்குப் பிடித்திருந்தது போல, கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் கொடுத்தாள். அவளைக் கல்யாணம் பண்ணி இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த முகத்தை அடுத்தடுத்து மூன்று எடுத்தேன்.

பத்தாவது படத்துக்கு லீவரைத் தள்ளியபோதுதான் என் கண் இடது பக்கம் போனது. குமிழ் சுற்றிய மாதிரித் தெரியவில்லை.

தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். சுற்றவில்லை என்று அப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. வெயில் கண்ணில் அடித்தது. இன்னொரு முறை தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தள்ளுவதற்கு எனக்குப் பயம். திறந்து பார்த்தால் வெளிச்சம் பட்டு உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், இருந்தால். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். "இரு, எனக்குச் சந்தேகமா இருக்கு" என்ற நான்கே வார்த்தை. அதைச் சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அதற்குப் பதில் ஒரு காரியம் செய்தேன். அவள் ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தபோது, மணி பார்ப்பது போலப் போனை எடுத்தேன். சத்தம் வராமல் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பக்கவாட்டில், அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகாத முகம். ஒன்றே ஒன்று. ரோலில் விழாவிட்டால் இது இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கீழே வந்து ரோலைத் திரும்பச் சுற்றி எடுத்தேன். இரண்டு சுற்றிலேயே கை லேசாகிவிட்டது. கொஞ்சம்தானே எடுத்தோம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் திங்கள். எங்கள் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டுக்கு வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். மாலை நாலே முக்காலுக்குத்தான் திரும்பக் கையில் வரும். இத்தனை வருடத்தில் அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.

அன்று காலை கேட்டருகே நின்றபோது ஒரு யோசனை. வீட்டில் அம்மா என் போனை எடுத்து கரண்ட் பில் கட்டுவாள். படங்களைத் தள்ளிப் பார்த்தால் மாட்டிக்கொள்வேன். மகளே, பில்லையெல்லாம் தொலைக்காமல் வைத்துக்கொள்ள எனக்கு நானே அனுப்பிக்கொள்கிற மாதிரி ஓர் இடம் செய்து கொடுத்திருந்தாயே, அங்கே அனுப்பிவிட்டுப் படத்தை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். சங்கு ஊதிவிட்டது. பின்னால் வரிசை. பகிர் என்பதை அமுக்கினேன். பெயர்ப் பட்டியல் வந்தது. முதல் வரியில் என் முகம் இருந்தது. அமுக்கினேன். பச்சை அம்பையும் அமுக்கினேன். படத்தை அழித்தேன். பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நிம்மதியாக உள்ளே போனேன்.

நான் அமுக்கியது ஸ்டேட்டஸ். வாழ்க்கையில் ஒரு பொங்கல் வாழ்த்துகூட அதில் போட்டவனில்லை நான்.

அன்று முழுவதும் பாகங்களை எடுத்துக் கருவியில் நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது போகலாம். இது போகலாம். இது திரும்பப் போகட்டும். மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். அம்மா அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் நினைக்கவே இல்லை.

மாலை கேட்டுக்கு வெளியே என்னோடு வேலை செய்கிறவர், பட்டாபிராம்காரர், எனக்கு முன்னால் போனை எடுத்துவிட்டார். திரும்பி என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா நைனா இது? அண்ணிக்கி இன்னா ஆச்சி?"

"என்ன?"

"ஸ்டேட்டஸ்ல போட்டுகினு என்னயே கேக்குற? இம்மா நாளு பக்கத்துலயே குந்திகினு கீறேன், ஒரு வார்த்த சொல்லலியே நீ."

போனை என் முன்னால் நீட்டினார். அம்மா. ஏரி. காற்று.

"இன்னா கல்லாட்டம் நிக்கிற? அத்த மொதல்ல தூக்கு நைனா. தூக்கு" என்று அவரே சாவியை வாங்கி என் பெட்டியைத் திறந்து போனை எடுத்துக் கையில் வைத்தார். எனக்கு அந்தப் படத்தை ஸ்டேட்டஸிலிருந்து எப்படி எடுப்பது என்றுகூடத் தெரியவில்லை. அவர்தான் எடுத்தார். பார்த்தவர்கள் நூற்றுப் பதினேழு பேர். மகளே, நீ பத்தொன்பது முறை கூப்பிட்டிருந்தாய். அம்மா ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

எங்கள் பிரிவுக்கு லேண்ட்லைன் உண்டு. நம்பர் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. ஏன் கூப்பிடவில்லை என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"கூப்ட்டு என்ன சொல்ல? உங்க ஃபோர்மேன்கிட்ட, சார், என் மொட்டத் தலைய ஊருக்கே காட்டிட்டுப் போயிட்டாரு, கொஞ்சம் வெளிய அனுப்புங்கன்னா?"

காலை எட்டேகாலுக்கு விருதுநகர் அத்தையின் போன். பிறகு ஒவ்வொருவராக. பத்து மணிக்கு மேல் பக்கத்து வீடு, கீழ் வீடு, பிளவுஸ் தைக்க வருகிறவர்கள் என்று நேரிலேயே வந்துவிட்டார்கள். சோபாவுக்குப் பக்கத்தில் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. சமையலறைத் தொட்டி நிறையக் காப்பி டம்ளர்.

"நீங்க போன்ல எடுக்கலங்குறீங்களா?" என்றாள்.

"எடுத்தேன்."

"எப்ப?"

"நீ ஏரியைப் பாத்துட்டிருந்தப்ப."

அவள் எழுந்து போய்த் தொட்டியிலிருந்த டம்ளர்களைக் கழுவினாள். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என் கண்ணு முன்னால அழிங்க" என்றாள். ஏற்கெனவே அழித்துவிட்டேன் என்றேன். "அழிச்சது ஒரு மாசம் குப்பையில கெடக்கும்னு எனக்குத் தெரியாதா? அதையும்." குப்பையைத் திறந்தேன். அழிக்கும் முன் ஒருமுறை பார்க்கிறாயா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நூற்றுப் பதினேழு பேர் பார்த்த படத்தை அவள் பார்க்கவில்லை. அழித்தேன்.

அன்று ராத்திரி அத்தை என்னிடம் பேசினார். அழுதுகொண்டே, "தம்பி, உங்க மச்சானுக்குக் காட்டணும்னு அந்தப் படத்த எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். சரிக்கா என்று மட்டும் சொன்னேன். அழித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. குமிழைப் பற்றிய சந்தேகம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு போனில் அந்த முகம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மாவிடம் மறைத்த இரண்டாவது விஷயம் அது.

சனிக்கிழமை ரோலைக் கொண்டுபோய் நகரத்தில் கொடுத்தேன். ரோல்கள் சேர்ந்தபிறகுதான் கழுவுவார்களாம், ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகலாம் என்றார்கள். அந்த நாட்களில் அம்மாவுக்கு அடுத்தடுத்த மருந்தும் ஏறிவிட்டது. புருவம் போனது. வாய் முழுக்கப் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. திங்கட்கிழமையைப் பற்றி அவள் திரும்பப் பேசவே இல்லை. ஆனால் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது தினமும் ஒன்று கேட்பாள்.

"கழுவி வந்திருச்சா?"

"இன்னும் இல்ல."

"வந்தாலும் பிரிக்காதீங்க. கவரோட வைங்க."

ஒருநாள் மெதுவாக, "இன்னொரு தடவை வேணா எடுப்போமா, எதுக்கும் இருக்கட்டும்" என்று கேட்டுப் பார்த்தேன். "அதான் ஒண்ணு எடுத்தாச்சுல்ல. நல்லாச் சிரிச்ச மாதிரி ஞாபகம். இப்ப இந்த வாயோட எங்க சிரிக்க?" என்றாள்.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது கடையிலிருந்து கூப்பிட்டார்கள். "சார், உங்க ரோல் ப்ளாங்க். ஒண்ணுமே விழல."

நம்பாமல் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ரயிலேறிப் போனேன். கழுவிய ரோலைக் கையில் கொடுத்தார்கள். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்கள் வரிசையாக இருந்தன. எண்ணுக்கு நடுவே ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரி வெறுமை. அதன் வழியாக எதிர்ச் சுவரில் இருந்த காலண்டர் தெரிந்தது. "லோடிங் மிஸ் ஆயிருக்கு சார். நாக்கு மாட்டல. ரோல் நகரவே இல்ல" என்றார் அந்த ஆள். தெரியும் என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான், எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது எனக்கே புரிந்தது.

ஆவடியில் இறங்கி பிளாட்பாரத்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அத்தைக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அன்னிக்கு ஒரு படம் எடுத்து வெச்சிருக்கேன்னு சொன்னீங்கல்ல. அத எனக்கு அனுப்புங்க."

"அது எங்க தம்பி இருக்கு? மறுநாளே உங்க பொண்டாட்டி போன் போட்டு அழிக்கச் சொல்லிட்டா. சாமி மேல சத்தியம் வாங்கிட்டால்ல. மதினி, எடுத்து வெச்சிருக்கீங்களான்னு நேராவே கேட்டா. நான் பொய் சொல்ல முடியுமா? எல்லாருக்கும் வரிசையாப் போட்டிருக்கா. உங்க பொண்ணுக்குந்தான்."

நான் கேட்டில் போனைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்த நேரத்தில், நூற்றுப் பதினேழு பேரில் தனக்குத் தெரிந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறாள். மகளே, உன்னிடம் சத்தியம் வாங்கினாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நீ அவளுக்குக் கொடுத்த வார்த்தை அது. எனக்கு அதில் பங்கு கிடையாது.

இரண்டு ரயில் வந்து போகும் வரை அந்தப் பெஞ்சிலேயே இருந்தேன். அம்மா துண்டை அவிழ்த்து உட்கார்ந்து சிரித்ததற்கு இனி எந்தச் சாட்சியும் இல்லை. அவள் கேட்டது ஒரே ஒரு படம். நகை கேட்டவளில்லை, ஊர் சுற்றக் கேட்டவளில்லை. அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்தேன். "கழுவி வந்திருச்சா?" என்றாள். "இன்னும் இல்ல" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

நேற்று அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாலை நாலிலிருந்து ஆறு வரைதான் பார்க்க விடுவார்கள். மகனே, நீ ரத்தம் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கக் கீழே போன பிறகு, நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"படம் விழல."

"என்னது?"

"ரோல் நகரல. நாக்கு சரியா மாட்டல நான். வெறும் ரோலு."

மேலே ஃபேனைப் பார்த்தாள். "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு முந்தாநாள் என்று பதில் சொல்லியிருக்கலாம். "மாடியிலயே சந்தேகம் வந்துச்சு. குமிழு சுத்தின மாதிரித் தெரியல. அதனாலதான் போன்ல எடுத்தேன்" என்றேன்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். புருவம் இல்லாத முகத்தில் கோபம் எது, வருத்தம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்பவே தெரியுமா? அப்பவே சொல்லிருந்தா ரோல எடுத்துத் திருப்பி மாட்டிருப்பீங்கல்ல. திருப்பி எடுத்திருக்கலாம்ல. நான் என்ன ஓடியா போயிட்டேன்? அங்கனதான உக்காந்திருந்தேன்."

"உன் சிரிப்பு போயிருமோன்னு..."

"நாஞ் சிரிக்க மாட்டேனா திருப்பி? உங்க லட்டு ஜோக்கு இன்னொருக்கா சொன்னா வந்துட்டுப் போவுது. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்ன? பின்னால நின்னு திருட்டுத்தனமா எடுக்கத் தெரிஞ்சிச்சு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் திரும்பிப் படுத்துக்கொண்டார், நாங்கள் பேசட்டும் என்று. நான் போனை எடுத்து, இந்த முறை அவளுக்குத் தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டு, "இப்ப எடுக்கட்டா?" என்று கேட்டேன்.

"வேணாம்."

"சரி."

போனைப் பைக்குள் வைத்தேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அவள் கை என் கையில் இருந்தது. அவளாகக் கொடுத்ததா, ஊசி குத்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்ததா, எனக்குத் தெரியவில்லை. எழுந்தபோது, "வெளிய வந்தாப் பாப்போம்" என்றாள். எதைப் பார்ப்போம் என்று கேட்கவில்லை நான்.

இன்று காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மகளே, நீ ரயிலில் வந்துகொண்டிருக்கிறாய். மகனே, நீ எனக்கு இட்லி வாங்கப் போயிருக்கிறாய். கதவுக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, உன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். மூன்று மணி நேரம் என்றார்கள். மூன்றரை ஆகிவிட்டது. சற்று முன் பச்சை உடை போட்ட ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்துவிட்டேன். அது வேறு யாருடைய பெயரோ.